மூடியைத் திறக்காதே

அதிகாலை மூன்றரை.
மாட்டின் தோள்பட்டைத் துண்டு, எலும்போடு நாலு பவுண்டு.
நேற்றிரவே உப்புத் தடவியாயிற்று.
இரும்புச் சட்டி புகையும்வரை காத்திருந்து
அதில் வைத்தேன்.
சுர்ரென்ற சத்தத்தில்
மாடியில் ரெய்னோ புரண்டு படுத்தான்.

நகர்த்தக் கூடாது.
தானாய்ப் பிடி விட்ட பிறகுதான் திருப்ப வேண்டும்.
எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பு ஏறியதும்
வெங்காயம், கேரட், முழுசாய் ஒரு ரூட்டபேகா,
இரண்டு பிரிஞ்சி இலை,
நேற்று மீந்த கறுப்புக் காபி அரைக் கோப்பை,
தண்ணீர் பாதி உயரத்துக்கு.
மூழ்கடித்தால் அது குளியல், சமையல் இல்லை.

ஓவனில் இருநூறு டிகிரி, அதற்குமேல் வேண்டாம்.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு:
மூடியைத் திறக்காதே.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு.

சுப்பீரியர் ஏரி இரவெல்லாம் கொட்டிய பனியை
விடிவதற்குள் ஓரம் தள்ளுவது என் பிழைப்பு.
வண்டியின் நெற்றியில் இரும்புக் கலப்பை.
உழுவது வெள்ளையை, விதைப்பது உப்பை.
தள்ளிவிட்டுத் திரும்பினால்
தள்ளிய இடத்தில் மறுபடியும் அதே வெள்ளை,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஏழு மணிக்கு ரேடியோ கரகரத்தது.
அலுவலகத்திலிருந்து வெர்னா:
"கார்லீன், உன் வீட்டுக்காரர் போனில் இருக்கிறார்.
இறைச்சி செருப்புத் தோல் மாதிரி இருக்காம்.
கெட்டுப்போச்சா என்று கேட்கிறார்."

திறந்துவிட்டான்.
குத்தியும் பார்த்திருக்கிறான்.

"மூடச் சொல்," என்றேன்.
"மூன்று மணி நேரத்தில் அப்படித்தான் இருக்கும்.
முதலில் இறுகும். பச்சையாய் இருந்ததைவிட இறுகும்.
நார் எல்லாம் கைகட்டிக்கொண்டு முறைக்கும்.
அந்த நேரத்தில் பயந்து எடுத்தவர்கள்தான்
கடைக்காரனைத் திட்டிக்கொண்டு அலைகிறார்கள்."

ரேடியோவில் ஒருவருக்குச் சொன்னால்
எல்லா வண்டிக்கும் சொன்ன மாதிரி.
பாலத்தருகிலிருந்து வால்டோ லாஹ்தி,
"காபியா ஊற்றினாய்?" என்றான்.
தக்காளி இல்லாமல் அது என்ன சாறு என்றான் டுவேன்.
மணல் கிடங்கில் யாரோ
மணிக்கொருமுறை நிலவரம் கேட்டார்கள்.
வெர்னா சலிக்காமல் படித்தாள்:
பத்து மணி, இன்னும் பிடிவாதம்.
பதினொன்று, முள்கரண்டி உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது.

"அது எப்படித் தெரியும் அவனுக்கு?
மறுபடியும் திறந்தானா?"
சற்று நேரம் கரகரப்பு மட்டும்.
"போனை வைத்துவிட்டார்," என்றாள் வெர்னா.

நண்பகலில் காற்று எழுந்தது.
சாலை எது, வயல் எது, ஏரி எது என்று
கம்பங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
இன்னொரு முறையும் ஓட்டச் சொன்னார்கள்.
எங்கள் கல்யாணத்தின் மூன்றாம் வருஷம்
ஏனோ நினைவுக்கு வந்தது.
அதை ரேடியோவில் சொல்லவில்லை.

வீடு சேர ஆறாயிற்று.
ஒரு பூட்ஸைக் கழற்றியது நினைவிருக்கிறது.
கண் விழித்தபோது சமையலறை நாற்காலி,
மேலே போர்வை, சுவரில் பத்தேமுக்கால்,
இன்னொரு கால் இன்னும் பூட்ஸுக்குள்.
எதிரே ரெய்னோ.
நடுவில் ஈரம் காணாத இரண்டு தட்டு.

"நீ சாப்பிடவில்லையா?"

சட்டியைக் காட்டினான்.
மூடியின் குமிழில் என் சீட்டு,
நூல் சுற்றிக் கட்டியிருந்தது.
மூன்றாவதாய் ஒரு கோடு,
அவன் பேனாவில்.

திறந்தேன்.
கண்ணாடிச் சன்னல் முழுக்க ஆவி படர்ந்தது.
எலும்பைத் தொட்டேன்; கையோடு வந்துவிட்டது,
கழுவித் துடைத்து வைத்த மாதிரி.
கத்தியை எடுக்கப் போனவனை
உட்காரச் சொன்னேன்.
வெகுநேரம் நாங்கள் பேசவில்லை.
ரொட்டியால் தட்டை வழித்தபோது மட்டும்
"காபி தெரியவே இல்லையே," என்றான்.

மறுநாள் நாலு மணி. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை.
"கார்லீன்," என்றாள் வெர்னா, "எப்படி இருந்தது?"

ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை.
இருட்டில் அங்கங்கே ஏழு வண்டிகள்
விளக்கைப் போட்டபடி நிற்பது தெரிந்தது.

"கரண்டியே போதும்," என்றேன்.